ஆக்சிலா, ஆளா

விபத்து அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று இயந்திரம், இன்னொன்று ஓட்டுநர். ஒன்றை மட்டும் குறிக்கவும் என்று கீழே அச்சடித்திருந்தது. தோட்டப் பிரிவின் மேற்பார்வையாளர் அம்மா காலை எட்டு மணிக்கே அந்தத் தாளோடு பட்டறைக்கு வந்துவிட்டார். மேசையில் வைத்து, பறக்காமலிருக்க என் ஸ்பேனரையே எடுத்து மேலே வைத்தார்.

"நாலு மணிக்கு வருவேன். அதுக்குள்ள பார்த்து எழுதிடுங்க."

"இயந்திரம்னு எழுதினா?"

"சரி பண்ணிட்டு அவரே ஓட்டட்டும். நாளைக்கே கால்வாய்க் கரையில வேலை இருக்கு."

"ஓட்டுநர்னா?"

"டிராக்டரை விட்டு இறக்கிடுவோம். கூட்டுறது, தள்ளுவண்டி, ஏதாவது பார்க்கணும்." வாசல்வரை போனவர் திரும்பினார். "உங்க சொந்தக்காரர்னு தெரியும். இந்த வளாகத்துல மெக்கானிக் நீங்க ஒருத்தர்தான். நான் என்ன பண்ண?"

சொந்தக்காரர் என்பது என் அக்காவின் புருஷன். இந்த மருத்துவமனைத் தோட்டத்தில் பதினெட்டு வருடமாகப் புல்வெட்டும் டிராக்டர் ஓட்டுகிறார். அவர் வெட்டிய புல்லில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே நூல் பிடித்த மாதிரி இருக்கும். அதனால் தோட்டக்காரர்கள் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தவர்களைத் திட்டுவார். ஆனால் யாராவது அவரை அப்படிக் கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்ப்பார்.

ஐந்து நாளைக்கு முன்னால், பின்பக்கக் கரையில் வெட்டிக்கொண்டிருந்தபோது வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. அங்கே மழைநீர்க் கால்வாய். பத்தடி ஆழம், அடியில் சிமெண்டுத் தரை. முன்பக்க இடது சக்கரம் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்க, பிளேடு மூடியின் இரும்பு விளிம்பு கல்லில் மாட்டி வண்டி நின்றது. மச்சான் குதித்துவிட்டார். விலாவில் அடி. இன்னும் ஒரு கை நீளம் போயிருந்தால் வண்டியோடு அவரையும் கயிறு கட்டித்தான் எடுத்திருக்க வேண்டும்.

வண்டி தப்பாகப் போயிற்றா, ஆள் தப்பாக ஓட்டினாரா என்பதுதான் கேள்வி. வண்டிதான் என்று மச்சான் அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா வேறு மாதிரி சொன்னாள். அவளுக்கு அதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. அந்த அம்மா போன பிறகு நான் தேநீர் குடித்துவிட்டுப் பட்டறைக்குத் திரும்பும் வழியில் படுக்கைவிரிப்பு வண்டியைக் குறுக்கே நிறுத்தி வழியை மறித்தாள்.

"மிஷின்ல ஒண்ணும் இல்லைன்னு எழுதிடு."

"இன்னும் கழட்டியே பார்க்கலை."

"கழட்டிப் பார்த்துட்டு அப்படியே எழுது." குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு மாசமா சட்டைப் பட்டனை நான்தான் போட்டுவிடுறேன். கேட்டா பட்டன் ஓட்டை சின்னதா இருக்குங்கிறார். சர்க்கரை இருக்கிற உடம்பு. அந்தக் கையை வெச்சுக்கிட்டு எதைப் பிடிக்கிறார்னே எனக்குத் தெரியலை. நான் சொன்னா கேட்க மாட்டார். தாள்ல இருந்தாத்தான் இறங்குவார். எங்க வீட்டுக்காரர் துடைப்பம் பிடிச்சா எனக்கு ஒண்ணும் கேவலமில்லை. கால்வாயில கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"பொய் எழுதச் சொல்றியா?"

"ஆமா," என்றாள். என் அக்கா எதையும் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை.

நான் திரும்பியபோது மச்சான் பட்டறையில் வந்து காத்திருந்தார். விலாவைச் சுற்றிப் பட்டைத் துணி, மேலே சட்டை. பட்டன்கள் ஒழுங்காகத்தான் இருந்தன.

"வாங்க டாக்டர்," என்றார். "நோயாளி காலையில இருந்து காத்திருக்கு."

"எந்த நோயாளி?" என்றேன். வாயில் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

இந்த மாதிரிப் பழைய தோட்ட டிராக்டருக்கு முன்பக்கம் சிக்கலான வேலை ஒன்றும் கிடையாது. வார்ப்பிரும்பில் ஒரே ஆக்சில். அது நடுவில் ஒரு தடித்த பின்னில் ஊஞ்சல் பலகை மாதிரி தொங்கும். மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் ஏற, மறு சக்கரம் இறங்கும். இரண்டு முனையிலும் சக்கரம் திரும்புவதற்கு நிமிர்ந்து நிற்கும் கிங் பின். இரண்டையும் சேர்த்துத் திருப்ப டை ராடு. ஆட்டம் வந்தால் இந்த மூன்று இடங்களில் வர வேண்டும், இல்லையென்றால் சக்கர பேரிங்கில் வர வேண்டும்.

வண்டியின் சட்டத்துக்கு அடியில் ஜாக்கி வைத்தேன்.

"ஆக்சிலுக்கு அடியில வையேன், சுலபமா தூக்கலாம்," என்றார்.

"அங்க வெச்சா வண்டியோட பாரம் பின்னை அமுக்கிப் பிடிச்சுக்கும். ஆட்டம் இருந்தாலும் இல்லாத மாதிரி காட்டும். தொங்க விட்டாத்தான் தெரியும்."

"அப்ப நல்லா தொங்க விடு. எல்லாம் தெரியட்டும்."

சட்டத்துக்குக் கீழே மரக்கட்டை அடுக்கி, ஜாக்கியைத் தளர்த்தி, ஆக்சிலைத் தொங்க விட்டேன். இடது சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினேன். டக் என்றது. பேரிங்காக இருக்குமோ என்று சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் விரல் வைத்து மறுபடி ஆட்டினேன். அங்கே அசைவில்லை. அசைவு மேலே, கிங் பின்னைச் சுற்றியிருக்கும் உருளையில், புஷ்ஷில்.

"ஒண்ணு," என்றார் மச்சான்.

"என்ன ஒண்ணு?"

"எண்ணிக்கிறேன்."

அவரை மேலே ஏறி ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் சின்னச் சின்னதாகத் திருப்பச் சொல்லிவிட்டு நான் கீழே படுத்தேன். ஸ்டீயரிங் கால் சுற்றுத் திரும்பிய பிறகுதான் சக்கரம் அசைந்தது. டை ராடின் இடது முனையில் இருந்த உருண்டை, கிண்ணத்துக்குள் விழப்போகும் பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு," என்று மேலேயிருந்து குரல் வந்தது. நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அப்படியே படுத்தபடி கேட்டேன். "அன்னிக்கு என்ன ஆச்சு? முதல்ல இருந்து சொல்லுங்க."

"எத்தனை தடவை சொல்றது. பள்ளத்துல சக்கரம் இறங்குச்சு. ஸ்டீயரிங் கையை விட்டு உருவிக்கிட்டுப் போச்சு."

"உருவினது கையில தெரிஞ்சுதா?"

எஞ்சினில் இருந்து ஒரு சொட்டு எண்ணெய் என் காதருகே விழுந்தது.

"வண்டி திரும்பினது தெரிஞ்சுது," என்றார்.

நான் எழுந்து ஆக்சிலை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினேன். நடுப் பின்னிலேயே ஆட்டம். கொஞ்ச நஞ்சம் இல்லை, ஆக்சிலின் இடது முனை முழுசாகப் பின்பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தது. பின்னைத் தட்டிக் கழற்றினேன். வட்டமாக இருக்க வேண்டிய துளை, கோழிமுட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. பின் ஒரு பக்கம் பாதி கரைந்திருந்தது. உள்ளே கிரீஸ் ஒரு பொட்டுகூட இல்லை. காய்ந்த துருப்பொடிதான் கொட்டியது.

மச்சான் மூன்று என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். பின்னுக்கு கிரீஸ் போவதற்கு ஆக்சிலில் ஒரு சின்ன முனை, நிப்பிள், உண்டு; மாதம் தவறாமல் அதில் கிரீஸ் அடித்தது நான். கிரீஸ் கன்னை அமுக்குவேன், பக்கத்தில் கிரீஸ் பிதுங்கி வரும், உள்ளே நிரம்பிவிட்டது என்று துடைத்துவிட்டுப் போவேன். இப்போது நிப்பிளைக் கழற்றிப் பார்த்தால் அதன் வழி கல்லாக அடைத்திருந்தது. பிதுங்கி வந்ததெல்லாம் கன்னின் வாயோரத்தில் இருந்து வந்தது. எத்தனை வருடமோ, ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை.

"சரி விடுடா," என்றார் மச்சான். "வேணும்னேவா செஞ்சே? நீ குத்தம்னு நான் சொல்ல மாட்டேன். ஆக்சில்னு மட்டும் எழுது."

அவர் முகத்தில் ஐந்து நாளாக இல்லாத ரத்தம் வந்திருந்தது. எனக்கும் நெஞ்சு லேசானது. வண்டி ஏன் இடப்பக்கம் இழுத்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். இடது சக்கரம் பின்னால் ஒதுங்கினால் வண்டி இடப்பக்கம்தான் போகும். அக்கா எதிர்பார்த்த பொய்யை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

துளையை வட்டமாகக் குடைந்து, லேத்தில் ஒரு பித்தளை புஷ் கடைந்து இறக்கினேன். புதுப் பின். கிங் பின்னுக்கும் புது புஷ். டை ராடு முனை கையிருப்பில் இருந்தது. நிப்பிளின் வழியைக் கம்பியால் குத்தித் திறந்து, கிரீஸ் பின்னின் இரண்டு பக்கமும் வருகிறவரை அடித்தேன். சக்கரங்களின் முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் நூல் வைத்து அளந்து நேராக்கினேன். முடிக்கும்போது மணி இரண்டே கால். மச்சான் சாப்பிடக்கூடப் போகவில்லை. போகச் சொன்னால், "நீ எதையாவது தப்பா முடுக்கிடுவே," என்றார்.

ஆம்புலன்ஸ் நிறுத்துமிடத்தில் சிமெண்டுத் தரை காலியாக இருந்தது. சுண்ணாம்பு நூல் தட்டி ஐம்பதடிக்கு ஒரு கோடு போட்டேன். டயர்களைத் தண்ணீரில் நனைத்துவிட்டு ஓட்டினால் தரையில் தடம் விழும், காயும்வரை பார்க்கலாம். முதலில் நான் ஓட்டினேன். பாதியில் கையை எடுத்துவிட்டேன். வண்டி கோட்டை விட்டு விலகவில்லை.

"இறங்கு, இறங்கு," என்றார் மச்சான். "காட்டுறேன்."

அந்த நேரத்துக்கு அக்கா வந்தாள். சலவைக்கூடத்தில் நாலரை மணிவரை அனுமதி வாங்கியிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு தூணருகே நின்றாள். அவளைப் பார்த்ததும் மச்சான் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியது. பத்தடிவரை கோட்டில் போனது. அப்புறம் வலப்பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. கடைசியில் கோட்டுக்கும் தடத்துக்கும் நடுவே இரண்டு முழம்.

"பார்த்தியா," என்றாள் அக்கா. என்னிடம்தான் சொன்னாள். அவருக்கும் கேட்கட்டும் என்று சொன்னாள்.

மச்சான் திரும்பிவந்து மறுபடி ஓட்டினார். மறுபடி வலப்பக்கம். மூன்றாவது தடவையும் வலப்பக்கம். இறங்கித் தடத்தைப் பார்த்தார். முகம் சாம்பலாகிவிட்டது. பதினெட்டு வருடத்தில் அவர் கோணலாகப் போட்ட முதல் கோடுகள் இவையாகத்தான் இருக்கும்.

"ஏதோ முடுக்கிட்டே," என்றார்.

"நான் ஓட்டினப்ப நேராத்தானே போச்சு."

"அப்ப என் கைதான்னு சொல்றியா?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மூன்று தடங்களும் ஒரே பக்கம், ஒரே அளவில் ஒதுங்கியிருந்தன. அது இடித்தது. உணர்வில்லாத கை இந்தப் பக்கமும் போகும், அந்தப் பக்கமும் போகும். இப்படி அளந்துவைத்த மாதிரிப் போகாது. தடங்களின் ஓரமாகவே ஒரு முறை நடந்து பார்த்தபோது புரிந்தது.

"மச்சான், அந்த வண்டி எத்தனை வருஷமா இடப்பக்கம் இழுக்குது?"

"எங்க இழுக்குது? நேராத்தான் போகும்."

"நேரா போகலை. நீங்க வலப்பக்கம் பிடிச்சுப் பிடிச்சு நேரா கொண்டு போனீங்க. தேய்மானம் கொஞ்சம் கொஞ்சமா ஏற, நீங்களும் கொஞ்சம் கொஞ்சமா பிடியை ஏத்தினீங்க. இப்ப இழுப்பு இல்லை. உங்க கை மட்டும் இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கு. விட்டு ஓட்டுங்க. தானா போகட்டும்."

"நிஜமாவா?"

"ஓட்டிப் பாருங்க."

நாலாவது தடவை ஒரு முழம் ஒதுங்கியது. ஐந்தாவது, ஒரு சாண். ஆறாவதில் தடம் கோட்டைத் தொட்டுக்கொண்டு போனது. ஏழாவதில் கோட்டின் மேலேயே விழுந்து சுண்ணாம்பை அழித்தது.

அக்கா கையை அவிழ்த்துவிட்டாள். "ஏங்க," என்றாள், "இந்த ஓட்டை வண்டியை வெச்சுக்கிட்டா இத்தனை வருஷம் கோடு போட்டீங்க?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நான்தான் தப்பா நினைச்சுட்டேன்டா. கண்டதையும் உளறிட்டேன். ஆக்சில்னே எழுது," என்றாள்.

"ஸ்கேல்னு சும்மாவா சொல்றானுங்க," என்றார் மச்சான். "இன்னொண்ணு பாரு."

எட்டாவது தடவை நான் வண்டியோடு கூடவே நடந்தேன். பக்கத்தில் நடந்ததால்தான் தெரிந்தது. மச்சான் கோட்டைப் பார்க்கவில்லை. முன்னாலும் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதடி தூரமும், இமை கொட்டாமல், ஸ்டீயரிங்கின் மேல் இருந்த தன் இரண்டு கைகளை. திரும்பும் இடத்தில் மட்டும் தலையைத் தூக்கினார். அந்த ஒரு நொடியில் வலது கை ஸ்டீயரிங்கில் வழுக்கி இறங்கியது. அது அவருக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்து மேலே வைத்தார்.

சமதரையில், காலியான இடத்தில் அப்படி ஓட்டலாம். கரையில் ஓட்ட முடியாது. கரையில் கண் முன்னால் இருக்க வேண்டும். பள்ளம் எங்கே, விளிம்பு எங்கே என்று கண் பார்க்க, வண்டி என்ன செய்கிறது என்று கைதான் சொல்ல வேண்டும்.

மணி மூன்று முப்பது. தாள் மேசையில் இருந்தது. இயந்திரம் என்று குறித்தால் அது உண்மைதான். கரையில் வண்டியைத் தள்ளியது ஆக்சில்தான். நாளைக் காலை அவர் சிரித்துக்கொண்டே கரைக்குப் போவார். அக்கா வழியனுப்புவாள்.

"மச்சான், இறங்கி இங்க வாங்க. ரெண்டு கையையும் நீட்டுங்க. உள்ளங்கை மேல பார்க்க."

"எதுக்கு?"

"நீட்டுங்க. கண்ணை மூடிக்கோங்க."

"என்னடா வித்தை காட்டுறே?" என்றாள் அக்கா. இன்னும் சிரிப்பு முகத்தில் இருந்தது.

மச்சான் சிரிக்கவில்லை. என்னை நேராகப் பார்த்தார். நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், திட்டிவிட்டுப் போயிருக்கலாம். சட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு கைகளை நீட்டிக் கண்ணை மூடினார். அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததோ என்னவோ.

என் சட்டைப்பையில் இருந்து ஒரு வாஷரை எடுத்து அவர் வலது உள்ளங்கையில் வைத்தேன்.

"எந்தக் கையில இருக்கு?"

"வலது," என்றார்.

அக்கா பெருமூச்சு விட்டாள். வாஷரை எடுத்தேன். எடுத்தது அவருக்குத் தெரிந்ததா என்று விரல்களைப் பார்த்தேன். விரல்கள் அசையவில்லை. இந்தத் தடவை நான் எதையும் வைக்கவில்லை. இரண்டு கைகளும் காலியாக நீண்டிருந்தன. ஐந்து எண்ணும் நேரம் காத்திருந்தேன்.

"இப்ப எந்தக் கை?"

அவர் நெற்றி சுருங்கியது.

"இடது," என்றார்.

தூரத்தில் எங்கோ படுக்கை வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு போனது. மச்சான் கண்ணைத் திறந்து முதலில் இடது கையைப் பார்த்தார், அப்புறம் வலது கையை. என் கையில் இருந்த வாஷரைப் பார்த்தார்.

"ரெண்டாவது தடவை வைக்கவே இல்லையா?"

"இல்லை."

"முதல் தடவை?"

"வெச்சேன்."

"அதையும் குருட்டாம்போக்குலதான் சொன்னேன்," என்றார். கைகளைக் கீழே போட்டார்.

நான் மேசைக்குப் போய் எழுதினேன். ஆக்சில் நடுப் பின்னும் துளையும் தேய்ந்திருந்தன; கிரீஸ் வழி அடைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை; வண்டி கால்வாய்ப் பக்கம் போனதற்கு அதுதான் காரணம்; இப்போது சரிசெய்யப்பட்டது. அதற்குக் கீழே, ஓட்டுநருக்குக் கைகளில் உணர்வு குறைவாக இருக்கிறது, கரையில் ஓட்டக் கூடாது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று எழுதினேன். இரண்டு கட்டத்தையும் குறித்தேன்.

மேற்பார்வையாளர் அம்மா நாலு மணிக்குச் சரியாக வந்து நின்றபடியே படித்தார்.

"ஒண்ணுதான் குறிக்கணும்."

"ரெண்டும் இருக்கு."

"வண்டியாலதான் நடந்துச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப ஓட்டுநரை எதுக்குக் குறிக்கிறீங்க?"

"நடந்ததுக்கு வண்டி. இனிமே நடக்காம இருக்க ஓட்டுநர்."

அவர் தாளை மடித்தார், பிரித்தார். மச்சானைப் பார்த்தார். "நாளைக்குக் கரைக்கு யாரை அனுப்புறது?"

"என்னை வேண்டாம்," என்றார் மச்சான். வாசலைப் பார்த்துத்தான் சொன்னார். "யாரா இருந்தாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டாம்னு சொல்லுங்க. இப்ப அது நல்ல வண்டி."

அந்த அம்மா போனதும் மச்சானும் வெளியே போனார். குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு நெடுநேரம் நின்றார். தண்ணீர் சூடா குளிரா என்று அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ.

அக்கா என் பக்கத்தில் வந்தாள். "நேராத்தானேடா ஓட்டினார். ஏன்டா கண்ணை மூடச் சொன்னே?"

"நீதானே அவரை இறக்கச் சொன்னே."

"மிஷின் நல்லா இருக்குன்னு எழுதச் சொன்னேன்," என்றாள். "அவர் கை செத்துப்போச்சுன்னு எழுதச் சொல்லலையே."

சலவைக்கூடத்தில் மணி அடித்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, குழாயை மூடி, அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வேலைக்குப் போனாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் மூன்று மாதம் அவள் என்னோடு பேசவில்லை.